லாஸ்ட் பஸ், டேக் டூ

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த ஒரு போன்தான் பக்தவச்சலத்தின் நிம்மதியைக் கெடுத்தது. திருக்கழுக்குன்றத்தில் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். வயது அறுபத்தாறு. மடியில் ஒரு மோட்டாரும் கையில் செப்புக் கம்பியுமாக உட்கார்ந்திருந்தவர், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினார்.

"சார், என் பேரு பிரிசில்லா. சென்னையிலேர்ந்து பேசறேன். பழைய ஜாஸ் ரெக்கார்டுங்களத் தேடிப் பிடிச்சு மறுபடி எல்பியா போடறோம். அடுத்தது நார்மன் குவார்டெட்டோட 'லாஸ்ட் பஸ் டு பெரம்பூர்'. அதுல டிரம்ஸ் நீங்கதானே சார்?"

"ஆமாமா" என்றார் பக்தவச்சலம். நாற்பத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குச் சொல்லிப் பழகிய பதில் அது. அவர் யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

"சூப்பர் சார். நார்மன் சார் போன வருஷம் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல தவறிட்டாரு. அவரோட பொண்ணு கார் ஷெட்ட ஒழிக்கும்போது ஒரிஜினல் டேப்புங்க கெடைச்சிருக்கு, அப்படியே எங்களுக்கு அனுப்பிட்டாங்க. அட்டையில உங்க பேரு, போட்டோ, ரெண்டு வரி உங்களப் பத்தி. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். சனிக்கிழமை வர்றேன், டேப்பையும் போட்டுக் காட்டறேன்."

ஒரிஜினல் டேப் என்ற வார்த்தையைக் கேட்டதும் பக்தவச்சலம் அவசரமாகப் பேச்சை முடித்தார். போனை வைத்துவிட்டு, நாற்பது சுற்றுச் சுற்றிய கம்பியை எண்ணிக்கை மறந்துபோய்ப் பிரித்துப் போட்டார்.

விஷயம் இதுதான். அந்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தது தான் இல்லை என்று பக்தவச்சலத்துக்குத் தெரியும். வாசித்தது முத்துசாமி என்பவர். அவரும் எங்கேயோ இல்லை, பதினைந்து கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டில், குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். இன்னொருவர் வாசிப்பைத் தன்னுடையது என்று இத்தனை காலம் வாயால் சொன்னது போதாதென்று, இப்போது காகிதத்தில் கையெழுத்தும் போட வேண்டும். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போட்டால் அந்தப் பெண் கொண்டுவரும் டேப் காட்டிக்கொடுக்கும். பெண்டாட்டி, மச்சான், ஊர் என்று எல்லார் முன்னாலும் மானம் போகும்.

எண்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் நடந்த சங்கதி அது. மகாபலிபுரத்தில் கடலை ஒட்டியிருந்த ஒரு ஓட்டலில், வெள்ளைக்காரர்கள் சாயந்திரம் குடித்துக்கொண்டே கேட்பதற்காக நான்கு பேர் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியானோ நார்மன். பெரம்பூர் ரயில்வே காலனிக்காரர், கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். சாக்ஸபோன் ஒருவர், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் பேஸ் ஒருவர். டிரம்ஸுக்குக் கல்யாண பேண்டு செட்டிலிருந்து நார்மன் பொறுக்கியெடுத்துக்கொண்டு வந்த பக்தவச்சலம். இரண்டு வருஷம் தினமும் சேர்ந்து வாசித்ததில், நார்மன் தோளைக் குலுக்கினால் அடுத்து என்ன வரப்போகிறது என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியும் அளவுக்குப் பழகிவிட்டிருந்தது.

ஓட்டல் முதலாளிக்கு ஆசை வந்தது. வந்து போகிறவர்கள் நினைவாக வாங்கிக்கொண்டு போகட்டும் என்று முந்நூறு தட்டு போடத் தீர்மானித்தார். மீட்டிங் ஹாலில் பாயும் மெத்தையும் தொங்கவிட்டு, மெட்ராஸிலிருந்து ஒலிப்பதிவுக்காரரை டேப் மெஷினோடு வரவழைத்தார். கூடவே கடல் பார்க்கலாம் என்று தொற்றிக்கொண்டு வந்தவர்தான் முத்துசாமி. சினிமா ஸ்டூடியோவில் டிரம்ஸ் வாசிக்கிறவர். தேய்த்த சட்டை மடிப்புக் கலையாமல் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சினிமாக்காரர் பார்க்கிறாரே என்று பக்தவச்சலத்துக்குக் காலையிலிருந்தே உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் பதிவு செய்த விதம் இன்றைக்கு மாதிரி இல்லை. நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு டேக் என்று பெயர். ஒருவன் தப்பு செய்தால் அவனுடையதை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. மற்ற மூன்று பேர் உயிரைக் கொடுத்து வாசித்ததும் அவனோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஐந்து பாட்டு நல்லபடியாக முடிந்தது. ஆறாவதுதான் 'லாஸ்ட் பஸ்'. முதல் டேக்கில் சாக்ஸபோன் பிசகியது. இரண்டாவது டேக்கில், நார்மன் பியானோவில் உருகிக்கொண்டிருந்த இடத்தில், பக்தவச்சலத்தின் வலது கைக் குச்சி வியர்வையில் வழுக்கி, தரையில் விழுந்து, பியானோவுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. கொஞ்ச நேரம் அவருக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் பழக்கத்தில் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வாசிப்பதற்கென்று வைத்திருந்த கம்பி பிரஷ்ஷை எடுத்து எப்படியோ ஒப்பேற்றினார். கடைசி ஸ்வரம் அடங்கியதுதான் தாமதம், யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லாமல் எழுந்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்.

ஒரு மணி நேரம் கழித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி வாசிக்கலாம் என்று திரும்பி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவருடைய ஸ்டூலைத் தன் உயரத்துக்குத் திருகிக்கொண்டிருந்தார் முத்துசாமி. நார்மன் எண்ணிக் கொடுக்க, முத்துசாமி முதல் பாட்டிலிருந்தே வாசிக்க ஆரம்பித்தார். கடிகாரம் தோற்றது, அவ்வளவு சுத்தம். தான் வாசித்த ஆறையுமே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்த பக்தவச்சலம் உள்ளே போகவில்லை. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் நார்மன் அவரைத் தேடித் திருக்கழுக்குன்றத்துக்கே வந்தார். நம்ம ஆள் கொல்லைப்பக்கம் ஒளிந்துகொண்டு, திண்டிவனம் போயிருக்கிறான் என்று அம்மாவைச் சொல்லவைத்தார். இரண்டு மாதத்தில் நார்மன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோய்விட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் தட்டு வெளிவந்தபோது அட்டையின் பின்பக்கம் நான்கு பேர் படம் இருந்தது. அன்று காலையில் எடுத்த படம், டிரம்ஸுக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்தவச்சலம். நார்மனைத் தவிர யார் பெயரும் போடவில்லை. படத்தைப் பார்த்தவர்கள், இதில் நீ வாசித்தாயா என்று அவரைக் கேட்கவே இல்லை. பிரமாதமாக வாசித்திருக்கிறாயே என்று நேராகப் பாராட்டினார்கள். முதல் தடவை அவர் மறுக்கவில்லை, சும்மா இருந்தார். பத்தாவது தடவை தலையாட்டினார். நூறாவது தடவைக்குள் பதிவு நடந்த அன்று என்ன சாப்பாடு போட்டார்கள் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டலுக்கு மீன் போட்டுக்கொண்டிருந்த கடப்பாக்கம் தேவேந்திரனுக்கு ஒரு தட்டு இலவசமாகக் கிடைத்தது. அதை வைத்துத்தான் அவர் தன் தங்கை ஆதியம்மாளுக்கு மாப்பிள்ளை முடித்தார். அப்பனிடம் சண்டை போட்டு, சொந்தப் படகு வைத்திருந்த வரனை வேண்டாமென்று தள்ளி, பிளேட்டில் வாசித்த பையனுக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு பக்தவச்சலம் டிரம்ஸையே தொடவில்லை. மூட்டுவலி என்று சொல்லிக் காயில் கட்டப் போனார். அந்தத் தட்டையும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மச்சான் வீட்டில் ஊசியை வைத்தால் இவர் பீடி வாங்க எழுந்துவிடுவார். யாரோ அதை இன்டர்நெட்டில் ஏற்றி, அது போனில் வந்தபோது, பாம்பைக் கண்டது போல அழித்தார். தற்பெருமை இல்லாத மனுஷர் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது.

முத்துசாமி ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டுக்குக் குடிவந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒரு நாள் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் தூரத்தில் அவரைப் பார்த்துவிட்டு, பக்தவச்சலம் தன் ரயிலை விட்டுவிட்டுப் பொதுக்கழிப்பறைக்குள் இருபது நிமிஷம் நின்றார். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பிளம்பர் கொண்டுவந்த மோட்டாரில் 'டிரம்ஸ் முத்துசாமி' என்று பெயரும் நம்பரும் எழுதிய சீட்டுத் தொங்கியது. அந்த மோட்டாருக்கு அவரே உட்கார்ந்து ஒன்றுக்கு இரண்டாக வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். நம்பரைப் போனில் ஏற்றி வைத்தார். என்றைக்காவது கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தது உண்மை. கூப்பிடவில்லை என்பதும் உண்மை.

வியாழன் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆதியம்மாள் புழக்கடையில் உட்கார்ந்து, மறுநாள் வரப்போகும் விருந்தாளிக்காக அண்ணன் கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, இந்நேரத்துல வந்துகினு கீற? ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல ஆதி. ஒண்ணு சொல்லணும். கத்திய கொஞ்சம் கீழ வை."

"வஞ்சிரம் காஞ்சு பூடும். நீ சொல்லு, எனுக்குக் காது கீது."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குச்சி விழுந்ததை, ஓடியதை, ஜன்னல் வழியாகப் பார்த்ததை, கொல்லையில் ஒளிந்ததை. சொல்லச் சொல்ல ஆதியம்மாளின் கத்தி மெதுவாகி, நின்றது.

"அப்போ, அந்தப் பிளேட்டுல வாசிச்சது நீ இல்ல?"

"இல்ல."

"எங்கண்ணன் அத்த எடுத்துகினு கடப்பாக்கம் பூரா வூடு வூடா காமிச்சாரு, தெரியுமா ஒனுக்கு?"

"தெரியும்."

"சொந்த போட்டு வச்சிருந்தவன வேணான்னுட்டு ஒனுக்குக் குடுத்தாங்கோ. நானும் அந்தப் பிளேட்டுக்காகத்தான் ஒன்னக் கட்டிகினேன். அதுக்கோசரம் இல்லன்னு நெனச்சுக்காத. அதுக்கோசரந்தான்."

பக்தவச்சலத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் சொல்லிவிட்டதில் நெஞ்சில் இருந்த கனம் கால்வாசி இறங்கியதையும் அவர் உணர்ந்தார். அழுவாளோ என்று பயந்தார். அவள் அழவில்லை. மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக மஞ்சள்தூளில் பிரட்டி முடித்தாள்.

"பொய் சொன்னதக்கூட வுட்டுடலாம்" என்றாள் கடைசியில். "இத்தினி வருசம் பக்கத்துல படுத்துகினு எங்கையில சொல்லாம இருந்தே பாரு, அத்த எப்படி வுடறது? நாளைக்கு அந்தப் பொண்ணு வரட்டும். இந்த மீன அது வாயில வைக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடணும். பொய்க்காரன் வூட்டுச் சோறுன்னு தெரிஞ்சுகினே அது சாப்புடட்டும்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிரிசில்லா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். வந்த உடனே செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆதியம்மாளைப் பார்த்துச் சிரித்து, "ஆன்ட்டி, வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்றாள். ஆதியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லா லேப்டாப்பைத் திறந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தையும் பேனாவையும் நாற்காலியில் வைத்தாள். பக்தவச்சலம் அதைத் தொடவில்லை.

"பாப்பா, மொதல்ல நான் சொல்றதக் கேளு. இதுல கையெழுத்துப் போட எனுக்கு யோக்கியத இல்ல. அந்தப் பிளேட்டுல கீற டிரம்ஸு நான் வாசிச்சது இல்ல. காலையில வாசிச்சேன், குச்சியக் கீழ வுட்டேன், கெடுத்துட்டேன், ஓடிட்டேன். மத்தியானம் வேற ஆளு வாசிச்சாரு. அவருதுதான் பிளேட்டுல வந்துச்சு. போட்டோ மட்டுந்தான் என்னுது. இத்தினி வருசமா ஊர ஏமாத்திகினு கீறேன்."

பிரிசில்லா அவரையே பார்த்தாள். கோபப்படவில்லை, குழம்பிப்போனாள்.

"சார், நீங்க இந்த ரெக்கார்டக் கேட்டிருக்கீங்களா?"

"இல்லமா."

"ஒரு தடவகூடவா?"

"எப்படிக் கேக்கறது? வேற ஆளு வாசிச்சத."

பிரிசில்லா லேப்டாப்பில் எதையோ தேடினாள். ஸ்பீக்கரை அவர் பக்கமாகத் திருப்பினாள். "இது எடிட் பண்ணாத டேப் சார். பாட்டுக்கு முன்னாடி பின்னாடி பேசினதெல்லாம் அப்படியே இருக்கு. கேளுங்க."

முதலில் ஒரு இரைச்சல். அப்புறம் ஒலிப்பதிவுக்காரரின் குரல், "லாஸ்ட் பஸ், டேக் டூ." அதையடுத்து இன்னொரு குரல், கொஞ்சம் மூக்கால், செல்லமாக: "பக்தா, ரெடியா மேன்?"

நார்மனின் குரல். பக்தவச்சலம் தன்னையறியாமல் எழுந்து நின்றார். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தன் குரல், சின்னப் பையன் குரல், "ரெடி சார்" என்றது. நார்மன் விரலைச் சொடுக்கி எண்ணினார். பாட்டு ஆரம்பித்தது.

சிம்பல் தகட்டில் விழுந்த அந்த அடி யாருடையது என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் இருமலை எந்தக் கூட்டத்திலும் தெரிந்துகொள்வது போலத்தான். பியானோ தனியாகப் போகும் இடம் வந்தது. 'டக்'கென்று குச்சி விழும் சத்தம், உருளும் சத்தம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டிரம்ஸ் நின்றுவிட்டது. கால் மட்டும் ட்சிக், ட்சிக் என்று போய்க்கொண்டிருந்தது. அந்த வெறும் இடத்தில் பியானோ திடீரென்று தனியாகி, தயங்கி, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டவன் ரோட்டில் நிற்பது போல நின்றது. பிறகு பிரஷ் வந்தது. மெல்ல, பயந்து பயந்து, மன்னிப்புக் கேட்பது மாதிரி. பியானோ அதைக் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

"சார், இந்த எடத்துக்காகத்தான் உலகத்துல பாதிப் பேரு இந்த ரெக்கார்டத் தேடறாங்க" என்றாள் பிரிசில்லா மெதுவாக. "இது பிளான் பண்ணி வாசிச்சதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

"இது, இது பிளேட்டுல கீதா?"

"இதுதான் சார் பிளேட்டு. ஆறு பாட்டும் காலையில எடுத்ததுதான். இன்னும் முடியல, கேளுங்க."

கடைசி ஸ்வரம் அடங்கியது. ஸ்டூல் இழுபடும் சத்தம், ஓடும் காலடி, கதவு படாரென்று சாத்தும் சத்தம். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு நார்மனின் குரல், சிரிப்பும் அழுகையும் கலந்தது போல: "தட்ஸ் இட். இதுதான். யாரும் இதுல கை வைக்காதீங்க." கொஞ்சம் பொறுத்து, "ஏய், பக்தா எங்க ஓடிட்டான்?"

பக்தவச்சலம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கதவை மூடாமல் நின்றிருந்தால் போதும். கேட்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. தொடாமல் விட்ட டிரம்ஸ், ஒளிந்துகொண்டு பார்க்காமல் விட்ட நார்மன், எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அதற்கு மேலே பொங்கி வந்தது நிம்மதிதான். ஆண்டுக்கணக்காகத் தலையில் இருந்த மூட்டையை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் இறக்கி வைத்துவிட்டார்கள். அவர் பொய்யர் இல்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த முட்டாள்.

ஆதியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"தோ பாரு, உண்மையச் சொல்றதுக்குக்கூட ஒனுக்குத் துப்பு இல்ல. அதையும் பொய்யின்னு நெனச்சுகினுதான் சொல்லிகினு கீற. எந்திரி, மொகத்தக் கழுவு. பொண்ணு பசியா கீது." பிரிசில்லா பக்கம் திரும்பினாள். "நீ வாமா. இப்ப இது நல்ல வூட்டுச் சோறுதான்."

சாப்பிடும்போது பக்தவச்சலம் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா, அப்ப மத்தியானம் வாசிச்சது இன்னா ஆச்சு?"

"அதுவும் டேப்புல இருக்கு சார். அப்பல்லாம் டேப்புல ஏதாவது சிக்கல் வந்தா வேணும்னு நார்மன் சார் எல்லாத்தையும் ரெண்டாந்தடவ எடுத்து வச்சிருக்காரு. நீங்க ஓடிட்டதால அங்க இருந்த யாரையோ உக்கார வச்சிருக்காரு. பெட்டி மேல 'உபயோகப்படவில்லை'ன்னு எழுதியிருக்கு." பிரிசில்லா விரலை நக்கிக்கொண்டே சொன்னாள். "ஆனா அதுல மூணாவது பாட்டு ரொம்ப நல்லாருக்கு சார். இந்த மாதிரி மிச்சம் கெடந்த டேக்க ரெக்கார்டோட கடைசியில சேக்கறது ஜாஸ்ல வழக்கந்தான். எனக்குச் சேக்கணும்னு ஆசை. வாசிச்சவரோட பேரும் சம்மதமும் இல்லாம போடமாட்டோம். அவரு யாருன்னு யாருக்குமே தெரியல."

"எனுக்குத் தெரியும்" என்றார் பக்தவச்சலம்.

போனை எடுத்து நம்பரைத் தேடினார். பயம் இல்லாமல் அந்த நம்பரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் அழுத்தினார். பிரிசில்லாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, முத்துசாமி சாருங்களா? நான் திருக்கழுக்குன்றம் பக்தவச்சலம். நார்மன் சார் குரூப்புல டிரம்ஸ்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலத் தாழ்ந்து வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி. மொட்டை மாடிக்குப் போயிடறேன்." படி ஏறும் சத்தம், இரைக்கும் சத்தம். "என்னைக்காவது நீங்க கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். என் மருமக சொல்லுச்சு, அந்த ரெக்கார்டு மறுபடி வருதாமே. அதானே?"

"ஆமா சார், அதுக்குத்தான்..."

"தம்பி, நான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அதுல நான்தான் வாசிச்சேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். அன்னிக்கு வாசிச்சிட்டு வந்தேன், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பிளேட்டு வந்தப்புறம் போட்டுக் கேட்டா, குச்சி விழற சத்தம் கேக்குது. என்னுது இல்ல, உங்களது. சொன்னது சொன்னதாப் போச்சு, மாத்திச் சொல்ல வாய் வரல. போட்டோல வேற ஆள் இருக்காரேன்னு கேட்டா, அன்னிக்கு நான் சாப்பிடப் போயிருந்தேன்னு சொல்லிட்டேன். உங்க ஊருப் பக்கமே நான் வர்றதில்ல தம்பி. ஒருவாட்டி ஸ்டேஷன்ல உங்களப் பாத்துட்டு, ரயில விட்டுட்டு வெளிய ஓடிட்டேன்."

ஆதியம்மாள் வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கினாள். பக்தவச்சலம் சிரிக்கவில்லை. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். புதன்கிழமை காலையிலிருந்து அவருக்குள் இருந்ததே அது.

"இப்ப உங்க பேர் அட்டையில வந்துடும்" என்றார் முத்துசாமி. "வரவேண்டியதுதான், நியாயம். எனக்கு எழுபத்தி மூணு வயசு. பேரப்பசங்க முன்னாடி பொய்யனா ஆயிடுவேனேன்னுதான்... உங்களக் கெஞ்சிக் கேக்கறதுக்கும் எனக்கு வாயில்ல."

"சார், பேரப்பசங்க எங்க கீறாங்க இப்ப?"

"கீழதான் இருக்காங்க. ஏன்?"

"கீழ போயி ஸ்பீக்கர்ல போடுங்க. இங்க ரெக்கார்டு கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து கீது. நீங்க வாசிச்ச மூணாவது பாட்டு இந்த பிளேட்டுல வருது சார். அட்டையில ஒங்க பேரு, ஒங்க போட்டோ, என்னுதுக்குப் பக்கத்துலயே. ஒங்களக் கையெழுத்துக் கேக்கறதுக்குத்தான் கூப்புட்டேன்."

மொட்டை மாடியில் காற்று போனில் மோதும் சத்தம் மட்டும் வந்தது.

"நான் வாசிச்சது பொய்யில்லன்னு எனுக்கே இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது" என்றார் பக்தவச்சலம். "ஒங்களுதும் இன்னியிலேர்ந்து பொய் இல்ல. எறங்கிப் போங்க, பாத்து, மெதுவா எறங்குங்க."

போனில் காலடிச் சத்தம் கேட்டது. எழுபத்து மூன்று வயது மனிதர் படிகளில் மெதுவாக இறங்கவில்லை, ஓடினார்.